ஸ்டீயரிங் வீல் மாற்றியபின் ஹாரன் தகராறு: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

வண்டியோடு வந்ததைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஆஃப்டர்மார்க்கெட் வீலைப் பூட்டிய கையோடு ஹாரன் ஊமையாகிவிட்டாலோ நிற்காமல் அலறினாலோ, பானெட்டைத் திறந்து ஹாரனைக் கழற்ற ஓடாதீர்கள். வீலைக் கழற்றும்வரை ஒலித்த ஹாரன் பூட்டியபின் தானாகக் கெடுவது அபூர்வம். இடையில் மாறியது வீல், பட்டன், வீலை ஸ்டீயரிங் ஷாஃப்ட்டோடு இணைக்க அடியில் இருக்கும் பாஸ் கிட் ஆகிய மூன்றுதான். தேட வேண்டியது எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த கார் பாடியின் தொடர்பு. ஒன்று, பட்டனுக்குக் கிடைக்க வேண்டிய எர்த் கிடைக்கவில்லை. அல்லது எர்த் படக்கூடாத வயரில் எர்த் பட்டிருக்கிறது.

கரண்ட் போகும் பாதை

பெரும்பாலான கார்களில் ஹாரன் பட்டன் ஹாரனுக்கு கரண்ட் அனுப்புவதில்லை, எர்த்தைத்தான் கொடுக்கிறது. ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். அதன் காயிலின் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வந்து காத்திருக்கும். மறுமுனையிலிருந்து ஒற்றை வயர், வீலுக்கு அடியில் இண்டிகேட்டர், விளக்கு நெம்புகோல்கள் உள்ள காம்பினேஷன் சுவிட்சுக்கு வரும். அங்கே ஸ்பிரிங் வைத்த ஒரு கான்டாக்ட் பின் துருத்திக்கொண்டிருக்கும். பாஸ் கிட்டின் அடிப்பாகத்தில் ஒரு பித்தளை வளையம் உண்டு. வீல் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின் அந்த வளையத்தை உரசியபடியே இருக்கும். வளையத்திலிருந்து கிளம்பும் வயர் பட்டனுக்குப் போகிறது. பட்டனை அழுத்தியதும் அந்த வயர் வீலின் உலோகத்தோடு சேர்ந்து, பாஸ், ஸ்டீயரிங் ஷாஃப்ட் வழியாக பாடியில் எர்த் ஆகிறது. ரிலே இழுக்கிறது, ஹாரன் ஒலிக்கிறது.

ரிலே காயிலின் மின்தடை பொதுவாக 70 முதல் 100 ஓம் வரை இருக்கும். அதனால் பட்டன் வழியாக ஓடுவது சுமார் 0.15 ஆம்ப் மட்டுமே. ஹாரன் இழுப்பதோ ஒவ்வொன்றும் 3 முதல் 5 ஆம்ப். ரிலே இல்லாத பழைய வண்டிகளில் இந்த மொத்த ஆம்பும் பட்டன் வழியாகவே ஓடும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், சத்தம் குறையும் பழுதில் இதுதான் பேசும்.

ஏர்பேக் உள்ள கார்களில் பின்னும் வளையமும் கிடையாது. அவற்றுக்குப் பதில் கிளாக் ஸ்பிரிங் எனப்படும் சுருள் கேபிள் இருக்கும். அந்த வண்டிகளுக்குக் கீழே தனியாக ஒரு பகுதி உண்டு.

கை வைக்கும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் வீலைத் தொட வேண்டும். ஏர்பேக் வண்டியானால் கழற்றியபின் குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். வண்டியின் சர்வீஸ் கையேடு அதற்கு மேல் சொன்னால் அந்த நேரம்தான் கணக்கு. மஞ்சள் நிறக் கப்ளர்கள் எல்லாம் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள், மல்டிமீட்டரில் ஓம் பார்க்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை அலங்காரப் பக்கம் மேலே பார்க்கும்படி, யாரும் நடமாடாத இடத்தில் வையுங்கள். ஏர்பேக்கை எடுத்துவிட்டு ஓட்டுவது உங்கள் நாட்டின் சட்டத்துக்கும் காப்பீட்டுக்கும் ஒத்துவருமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. மல்டிமீட்டர், 5 வாட் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப், இரண்டு மீட்டர் வயரின் இரு முனையிலும் முதலைக் கிளிப், 400 கிரிட் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், பட்டன் டெர்மினல்களுக்குப் பொருந்தும் லக்குகள் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டுகள்), எம்5 போல்ட்டுக்குப் போகும் வளைய லக், ஹீட் ஷ்ரிங்க் குழாய் போதும். புது வயர் இழுக்க வேண்டி வந்தால் ரிலே உள்ள வண்டிக்கு 0.75 சதுர மி.மீ. தாராளம். ரிலே இல்லாத வண்டிக்கு 1.5 சதுர மி.மீ. வேண்டும்.

டெஸ்ட் லேம்ப் உண்மையான ஃபிலமென்ட் பல்பாக இருக்க வேண்டும். எல்இடி லேம்பில் ரிலேயை இழுக்கும் அளவுக்குக் கரண்ட் ஓடாது, அது வண்டி பக்கமே கோளாறு இருப்பதுபோல் காட்டி உங்களை ஏமாற்றும்.

முதல் சோதனை: கோளாறு வீல் பக்கமா, வண்டி பக்கமா

எந்த அறிகுறியானாலும் இதை முதலில் செய்யுங்கள். பாதித் தேடல் இதிலேயே முடிந்துவிடும். வீலையும் பாஸையும் கழற்றி, பேட்டரியை மாட்டி, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். சில வண்டிகளில் இக்னிஷன் இல்லாமல் ஹாரன் ஒலிக்காது. டெஸ்ட் லேம்பின் கிளிப்பை டாஷ்போர்டுக்கு அடியில் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் மாட்டி, முனையைக் காம்பினேஷன் சுவிட்சில் உள்ள கான்டாக்ட் பின்னில் வையுங்கள். ஏர்பேக் வண்டியில் இந்தப் பின் இருக்காது, ஹாரன் வயரின் கப்ளரில் வைக்க வேண்டும்.

பல்பு எரியாமல் ஹாரன் ஒலித்தால் வண்டி பக்கம் சுத்தம். ரிலே காயிலின் வழியாக வரும் சொற்பக் கரண்டில் 5 வாட் பல்பு ஒளிராது, ஆனால் ரிலே இழுத்துவிடும். இனி வீல், பாஸ், பட்டன் மூன்றில் மட்டும் தேடினால் போதும்.

பல்பு பளிச்சென்று எரிந்து ஹாரன் மௌனமாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஹாரனின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பல்பு அணைந்தால் உங்கள் வண்டியில் ரிலே கிடையாது, ஹாரனே பல்போடு தொடராக நிற்கிறது. அணையாவிட்டால் அது நேரடி 12 வோல்ட் வயர். அதாவது உங்கள் பட்டன் எர்த் கொடுக்கும் வகை அல்ல, பாசிட்டிவ் கொடுக்கும் வகை. அந்த வயரை வெறும் கம்பியால் பாடியில் தொட்டிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். வெறும் வயரை வைத்துச் சோதிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

பல்பும் எரியவில்லை, ஹாரனும் ஒலிக்கவில்லை என்றால் பின்னுக்கு 12 வோல்ட் வரவில்லை. வீலை ஓரமாக வைத்துவிட்டு ஃபியூஸ், ரிலே, காம்பினேஷன் சுவிட்சின் பின்புறக் கப்ளர் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டீயரிங் கவரைத் திறந்து மூடும்போது அந்தக் கப்ளர் பாதி நழுவி நிற்பது சாதாரணமாக நடக்கும்.

அறிகுறி: பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதல் சோதனையில் வண்டி பக்கம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பகுதி. பட்டனை வீலிலிருந்து நெம்பி எடுங்கள். பாஸிலிருந்து வரும் வயரைப் பட்டனிலிருந்து உருவி, அதன் முனையை, கார் பாடியில் மாட்டிய நீளமான முதலைக் கிளிப் வயரால் தொடுங்கள்.

ஒலிக்கவில்லை என்றால் பின்னுக்கும் இந்த முனைக்கும் நடுவே அறுந்திருக்கிறது. பித்தளை வளையத்தில் வயரைப் பற்றவைத்த இடம்தான் முதல் சந்தேகம். வீலைப் பூட்டும்போது வயரை இழுத்தால் அந்த ஈயம் விட்டுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பதுபோலவே தெரியும். வயரை லேசாக அசைத்துக்கொண்டு மீட்டரில் கன்டின்யூட்டி, அதாவது வயர் அறாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பின் வளையத்தை எட்டவே இல்லை என்று அர்த்தம். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, வீல் மறைத்துவிடும். பின்னின் நுனியில் மார்க்கர் மையைத் தாராளமாகத் தடவி, அது காயும் முன் பாஸைப் பூட்டி, ஒரு முழுச் சுற்று சுற்றிக் கழற்றுங்கள். வளையத்தின் மேல் முழு வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் நல்லது. பாதி வட்டம் மட்டும் விழுந்தால் வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கோடே இல்லை என்றால் பாஸ் அதிக உயரத்தில் நிற்கிறது. வேறு மாடலுக்கான பாஸை வாங்கியவர்களுக்கு நேர்வது இது. பாஸ் முழுதாக உட்கார்ந்த நிலையில் பின்னின் ஸ்பிரிங் 2 முதல் 3 மி.மீ. அமுங்க வேண்டும். பின்னை வெளியே இழுத்து நீளமாக்க முயல வேண்டாம், பிளாஸ்டிக் கூடு உடைந்தால் காம்பினேஷன் சுவிட்சையே மாற்ற வேண்டிவரும். சரியான பாஸ் கிட்டுக்கு மாறுவதுதான் வழி.

பாடியைத் தொட்டதும் ஹாரன் ஒலித்தால் ஹாட் வயர் (பித்தளை வளையத்திலிருந்து பட்டனுக்கு வரும் வயர்) வரை எல்லாம் சரி. மிச்சம் பட்டனும் அதன் எர்த்தும். அதே வயர் முனையை இப்போது பாஸின் வெற்று உலோகத்தில், முடிந்தால் நடு நட்டின் மேல் தொடுங்கள். ஒலித்தால் ஷாஃப்ட் நன்றாக எர்த் ஆகிறது, தடங்கல் அதற்கு மேலே இருக்கிறது. ஒலிக்காவிட்டால் ஷாஃப்ட்டே எர்த் ஆகவில்லை.

மேலே இருக்கும் தடங்கலைப் பார்ப்போம். ஒற்றை டெர்மினல் பட்டனில் எர்த் எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? பட்டனின் உலோக விளிம்பு, அதைப் பிடிக்கும் வளையம், வீலைப் பாஸில் பிடிக்கும் ஆறு போல்ட், பாஸின் மரை என்று கையைக் கைப்பிடித்துப் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் பாதி, அனோடைஸ் செய்த அலுமினியம். கறுப்பாகவோ சிவப்பாகவோ மின்னும் அந்த மேற்பூச்சு ஒரு இன்சுலேட்டர். வீல் பார்க்க உலோகம்போல் இருந்தாலும் மீட்டர் முனையை மேலே வைத்தால் முடிவிலி காட்டும், கீறிவிட்டு வைத்தால் பீப் அடிக்கும். கார்பன் ஃபைபர் வளையம், பெயின்ட் அடித்த ஸ்பேசர், 70 மி.மீ. துளை வட்டத்துக்கும் 74 மி.மீ. துளை வட்டத்துக்கும் நடுவே போடும் அடாப்டர் தட்டு எல்லாம் இதே கதைதான். மோமோ, ஸ்பார்கோ வீல்கள் 6 துளை 70 மி.மீ., நார்டி, பெர்சனல் வீல்கள் 6 துளை 74 மி.மீ.; இரண்டையும் சேர்க்கத் தட்டு போட்டிருந்தால் அங்கே இரண்டு அனோடைஸ் முகங்கள் கூடுகின்றன.

உப்புத்தாளால் எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட இரண்டு டெர்மினல் பட்டனுக்கு மாறுவது மேல். ஒரு டெர்மினலில் பித்தளை வளையத்திலிருந்து வரும் வயர். மற்றொன்றிலிருந்து 15 செ.மீ. கறுப்பு வயர், முனையில் எம்5 வளைய லக். ஆறு போல்ட்டில் ஒன்றின் கீழ் அந்த லக்கை வைத்து, லக் உட்காரும் இடத்தை மட்டும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். போல்ட் பாஸின் மரையில் இறங்குவதால் எர்த் அதன் வழியாகவும் கிடைக்கும். குழித் தலை போல்ட்டானால் லக் கோணலாகி நசுங்கும். அப்போது லக்கை வீலுக்கும் பாஸுக்கும் நடுவே சொருகாமல், பாஸின் உள்சுவரில் இருக்கும் சின்ன எர்த் திருகில் மாட்டுங்கள். பல பாஸ் கிட்டுகளில் அதற்கென்றே ஒரு திருகோ கறுப்பு வயரோ இருக்கும். வீலுக்கும் பாஸுக்கும் நடுவே லக்கைச் சொருகினால் முகம் சமமாக உட்காராது, போல்ட்டுகள் நாளடைவில் தளரும்.

இனி ஷாஃப்ட்டே எர்த் ஆகாத வண்டிகள். சில ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுகளில் அதிர்வைத் தடுக்க ரப்பர் அல்லது துணி வைத்த ஒரு கப்ளிங் இருக்கும். மேல் பேரிங் பிளாஸ்டிக் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஷாஃப்ட்டின் மேல்பாதி பாடியோடு தொடர்பே இல்லாமல் மிதக்கும். தயாரிப்பாளர் அந்தக் கப்ளிங்கின் குறுக்கே பின்னல் வயரோ உலோகப் பட்டையோ போட்டிருப்பார். அது துருப்பிடித்தோ அறுந்தோ போயிருக்கலாம். நடு நட்டுக்கும் பாடிக்கும் இடையே மீட்டரில் ஓம் பாருங்கள். மீட்டர் வயரின் சொந்தத் தடையைக் கழித்தபின் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிக்கொண்டே பாருங்கள், ஓரிடத்தில் மட்டும் எண் தாவினால் அந்தப் பட்டைதான் குற்றவாளி. கப்ளிங்கின் இரு பக்கத்து உலோகத்தையும் சேர்த்து ஒரு பின்னல் எர்த் வயர் போடுங்கள், திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டு. பழைய வீலில் ஒழுங்காக ஒலித்ததே என்று கேட்கலாம். சில வண்டிகளில் பழைய வீலுக்கு எர்த்துக்கென்று இரண்டாவது வளையமும் இரண்டாவது பின்னும் இருந்திருக்கும், வாங்கிய பாஸ் கிட்டில் ஒரு வளையம் மட்டும் இருக்கும்.

அறிகுறி: பேட்டரியை மாட்டியதும் அலறல்

முதலில் ஹாரன் ரிலேயைப் பிடுங்குங்கள். தொடர்ந்து ஒலிக்கவிட்டால் ஹாரனின் சுருள் சூடாகிக் கருகும், அக்கம்பக்கமும் கூடிவிடும்.

ரிலே கையில் இருக்கும்போதே ஒரு சௌகரியம் இருக்கிறது. ரிலேயின் அடியில் 85, 86 என்று எண் போட்டிருக்கும் இரு கால்கள் காயிலுக்கு உரியவை. ரிலே சாக்கெட்டில் அந்த இரண்டு துளைகளில் ஒன்றில் 12 வோல்ட் இருக்கும், மற்றொன்று பட்டனுக்குப் போகும் வயர். பட்டன் வயர் துளைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரைக் கன்டின்யூட்டியில் மாட்டிவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை மீட்டர் பீப் அடிக்கும். ஊரைக் கூட்டாமல், ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போய், எதைக் கழற்றும்போது பீப் நிற்கிறது என்று பாருங்கள்.

பட்டனை நெம்பி வெளியே எடுத்ததும் பீப் நின்றால் கோளாறு பட்டனில், அல்லது அது உட்காரும் இடம் போதாததில். பல பாஸ் கிட்டுகள் ஆழம் குறைந்தவை. ஷாஃப்ட்டின் முனையும் நட்டும் மேலே எழும்பி நிற்கும். பட்டனை அமுக்கிப் பொருத்தியதும் அதன் ஹாட் டெர்மினல் நட்டின் மேல் உட்கார்ந்துவிடும். டெர்மினலை ஓரமாக மடக்கி, முழுதும் மூடிய இன்சுலேஷன் உள்ள 90 பாகை லக்கைப் போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் கோடை வெயிலில் பசை உருகி வழுக்கி வந்துவிடும், அதை நம்ப வேண்டாம்.

ஒற்றை டெர்மினல் பட்டனில் வயரை மாற்றி மாட்டினாலும் இதுவே நடக்கும். வளையத்திலிருந்து வரும் ஹாட் வயர் பட்டனின் நடு டெர்மினலுக்குத்தான் போக வேண்டும். விளிம்போடு சேர்ந்த உலோகத்தில் மாட்டினால் பட்டன் வீலில் உட்கார்ந்த கணமே எர்த். இரண்டு டெர்மினல் பட்டன்களிலும் மலிவானவற்றில் ஒரு டெர்மினல் உள்ளுக்குள் விளிம்போடு சேர்ந்திருக்கும். பட்டனைக் கையில் வைத்து, ஒவ்வொரு டெர்மினலுக்கும் விளிம்புக்கும் கன்டின்யூட்டி பாருங்கள். பீப் அடிக்கும் டெர்மினல் எர்த் வயருக்கு, மற்றது ஹாட் வயருக்கு. இரண்டுமே அடிக்காவிட்டால் எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். அழுத்தாமலே இரண்டு டெர்மினலுக்கும் நடுவே பீப் அடித்தால் அந்தப் பட்டனைத் தூக்கிப் போடுங்கள்.

பட்டன் வெளியே வந்த பிறகும் பீப் தொடர்ந்தால், வயரின் முனை எதையும் தொடாமல் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஆறு போல்ட்டையும் தளர்த்தி வீலை ஒரு விரற்கடை மேலே தூக்குங்கள். பீப் நின்றால் வீலுக்கும் பாஸுக்கும் நடுவே வயர் நசுங்கியிருக்கிறது. வயரின் தோலில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு தெரியும். அந்த வயரை மாற்றுங்கள், வெட்டின் மேல் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள்.

அப்போதும் நிற்கவில்லை என்றால் பாஸைக் கழற்ற வேண்டும். நடு நட்டை முழுவதும் எடுக்காமல் நாலைந்து மரை மிச்சம் வைத்து, பாஸை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரைப் போடுங்கள், இல்லாவிட்டால் விடுபடும் வீல் முகத்தில் இடிக்கும். பாஸ் வந்ததும் பீப் நின்றால் பித்தளை வளையத்தைப் பாருங்கள். வளையத்துக்கும் பாஸின் உலோகத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதில் விரிசல் இருக்கலாம், வளையத்தைப் பிடிக்கும் திருகு நீளமாகி உலோகத்தைத் தொட்டிருக்கலாம், இரண்டுக்கும் நடுவே இரும்புத் தூள் கலந்த பழைய கிரீஸ் அடைந்திருக்கலாம். வளையத்துக்கும் பாஸுக்கும் இடையே மீட்டர் முடிவிலி காட்ட வேண்டும். வளையம் சரி என்றால் பின்தான். வீலைத் தட்டிப் பூட்டும்போது வளைந்து பாஸின் உலோகத்தின் மேல் சாய்ந்திருக்கும்.

பாஸ் எடுத்த பிறகும் பீப் அடித்தால் வீலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டீயரிங் கவரின் திருகு உள்ளே போகும் வயரைக் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: திருப்பும்போது தானாக ஒலிக்கிறது, அல்லது நேராக இருக்கும்போது மட்டும் வேலை செய்கிறது

இரண்டும் வளையம் மையம் தப்பியதால் வருபவை. முன்பு சொன்ன மார்க்கர் கோடு இங்கேயும் உண்மையைச் சொல்லிவிடும். கோடு வளையத்தின் ஓரத்தைத் தாண்டி பாஸின் உலோகத்தில் ஏறியிருந்தால் அந்தக் கோணத்தில் ஹாரன் தானாக ஒலிக்கும். பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தால் அந்தக் கோணத்தில் ஊமை. வளையத்தின் திருகுகளைத் தளர்த்தி மையத்துக்குக் கொண்டுவாருங்கள். வயர் பற்றவைத்த ஈயம் வளையத்தின் ஓடுபாதையில் மேடாக நின்றால் பின் அதன் மேல் ஏறி இறங்கும்போது ஒரு கணம் தொடர்பு அறும். மேட்டை அரத்தால் சமன் செய்து, 400 கிரிட்டில் மெருகேற்றுங்கள்.

வளையம் வைத்த பாஸ் கிடைக்காமல், காம்பினேஷன் சுவிட்சிலிருந்து பட்டனுக்கு நேராக ஒரு வயரை இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. வீல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூன்று நான்கு சுற்று சுற்றுகிறது. அந்த வயர் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டு ஒருநாள் தோலுரிந்து நிற்காமல் அலறும். மோசமான நேரத்தில் ஸ்டீயரிங்கையே பிடித்து இழுக்கும். இந்த வேலையைச் செய்யவே கூடாது.

அறிகுறி: ரிலே கிளிக் என்கிறது, ஹாரன் இல்லை

வீலும் பட்டனும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. ரிலேயைப் பக்கத்தில் இருக்கும் அதே எண் ரிலேயோடு மாற்றிப் பாருங்கள். பிறகு, ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, ஹாரன் கப்ளரில் வோல்ட் பாருங்கள். 12 வோல்ட் வந்தும் ஒலிக்காவிட்டால் ஹாரனின் எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்யுங்கள், அதற்குப் பிறகே ஹாரனைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: சத்தம் நோஞ்சானாக வருகிறது

ரிலே உள்ள வண்டியில் பட்டன் பக்கம் 5 ஓம் தடை கூடினாலும் சத்தம் குறையாது. ரிலே இழுக்கும், அல்லது இழுக்காது, நடுநிலை கிடையாது. அதனால் அந்த வண்டிகளில் சத்தம் குறைந்தால் ஹாரன் பக்கமே போங்கள்.

ரிலே இல்லாத வண்டியில் கதை வேறு. 4 ஆம்ப் ஓடும் பாதையில் 1 ஓம் தடை கூடினால் கரண்ட் சுமார் 3 ஆம்பாகக் குறையும், சுமார் 3 வோல்ட் அங்கேயே தின்னப்படும், ஹாரனுக்கு 9 வோல்ட்தான் மிஞ்சும். ஆஃப்டர்மார்க்கெட் பட்டன்களின் உள்தகடு மெல்லியது. இந்தக் கரண்டுக்கு அது சீக்கிரம் கருகிப்போகும். பாதையை எவ்வளவு தேய்த்தாலும் மறுபடி வரும். நிரந்தரத் தீர்வு, நான்கு கால் ரிலே ஒன்றைச் சேர்ப்பது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியாக 30-க்கு ஒரு வயர், 87-லிருந்து ஹாரனுக்கு, ஹாரனுக்கு முன்பு வந்துகொண்டிருந்த 12 வோல்ட் வயர் 86-க்கு, ஹாரனிலிருந்து பட்டனுக்குப் போன பழைய வயர் 85-க்கு. ஹாரனின் மறுமுனையைத் தனி வயரால் பாடியில் எர்த் செய்யுங்கள். 30, 87 வயர்கள் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஃபியூஸ் போகிறது

எர்த் கொடுக்கும் வகைப் பட்டனில் பட்டன் வயர் பாடியைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாது. ரிலே காயில் நடுவில் நின்று கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. ஹாரன் ஒலிக்கும், அவ்வளவுதான். ஆகவே வீல் மாற்றியபின் ஃபியூஸ் போனால் உங்கள் வண்டி பாசிட்டிவ் கொடுக்கும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டனுக்கு வரும் 12 வோல்ட் வயர் பாஸைத் தொட்டிருக்கும். இந்த வண்டிகளுக்கு ஒற்றை டெர்மினல் பட்டன் உதவவே உதவாது. இரண்டு டெர்மினலும் விளிம்பைத் தொடாத பட்டன் வேண்டும், இரண்டு வயரும் பாடியிலிருந்து முழுக்கத் தனித்து நிற்க வேண்டும். போன ஃபியூஸுக்குப் பதில் கூடுதல் ஆம்ப் ஃபியூஸ் போடாதீர்கள்.

கிளாக் ஸ்பிரிங் உள்ள வண்டிகள்

கிளாக் ஸ்பிரிங்கை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து வரும் ஹாரன் வயரை மட்டும் எடுத்துப் பட்டனுக்குக் கொடுக்க வேண்டும். பல கம்பிகளில் ஹாரன் வயர் எது என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய வீலே போதும். ஏர்பேக்கைக் கழற்றிவிட்ட பழைய வீலை மேஜையில் வைத்து, மஞ்சள் அல்லாத கப்ளரில் இரண்டிரண்டு கால்களாக மீட்டர் வைத்து, ஹாரன் அழுத்தும் இடத்தை அழுத்திப் பாருங்கள். எந்த ஜோடியில் எண் மாறுகிறதோ அதுதான் ஹாரன். அழுத்தும்போது 0 ஓம் வந்தால் சாதாரண சுவிட்ச். எந்தப் பட்டனும் வேலை செய்யும். சில நூறு ஓமோ சில ஆயிரம் ஓமோ வந்தால், ஆடியோ பட்டன்களோடு சேர்ந்து தடையின் அளவை வைத்து வண்டியின் கன்ட்ரோல் யூனிட் ஹாரனை அடையாளம் காண்கிறது. அப்போது அதே மதிப்புள்ள ரெசிஸ்டரைப் பட்டனோடு தொடராகப் போட வேண்டும். எந்தக் காலிலும் மாற்றமே தெரியாமல் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று வீலுக்குள் இருந்தால் அது டேட்டா அனுப்பும் வகை. அந்த போர்டைப் புது வீலுக்குள் இடம்பெயர்த்தால் ஒழிய ஹாரன் பேசாது. இந்தக் கம்பிகளில் 12 வோல்ட்டை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

கிளாக் ஸ்பிரிங்கின் முகத்தில் துருத்தும் ஆணி பாஸின் குழிக்குள் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் வீல் சுழலும், கிளாக் ஸ்பிரிங் சுழலாது, நடுவில் உள்ள வயர் முறுக்கி அறும். வீலைக் கழற்றிய நிலையில் அதைக் கையால் சுற்றிவிட்டிருந்தால் நடுநிலை தப்பியிருக்கும். இரண்டு நாள் ஒலித்துவிட்டு ஒரு முழுத் திருப்பலில் கேபிள் அறுந்து ஹாரன் நிற்கும். நடுநிலைக்குக் கொண்டுவர, சக்கரங்களை நேராக வைத்து, கேபிளை ஒரு பக்கக் கோடிவரை மெல்லச் சுற்றி, மறுகோடிவரை சுற்றுகளை எண்ணி, அதில் பாதி திருப்பி நிறுத்துங்கள். கிளாக் ஸ்பிரிங்கில் அம்புக்குறிகள் இருந்தால் அவை நேருக்கு நேர் வர வேண்டும்.

குயிக் ரிலீஸ் போட்டிருந்தால்

குயிக் ரிலீஸ் என்பது வீலை நொடியில் கழற்ற பாஸுக்கும் வீலுக்கும் நடுவே போடும் இணைப்பு. அதன் உடல் அனோடைஸ் அலுமினியம், உள்ளே கிரீஸ் பூசிய குண்டுகள். அதன் வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பினால் ஹாரன் ஒரு நேரம் ஒலிக்கும், ஒரு நேரம் ஒலிக்காது. மின்கான்டாக்ட் வைத்த மாடல் வாங்குங்கள், அல்லது பாஸின் பக்கமிருந்து வீலுக்கு இரண்டு கம்பியுள்ள சுருள் வயரைச் சொருகுப் பிளக்கோடு போடுங்கள். எர்த்தையும் அந்தச் சுருளிலேயே கொண்டுபோங்கள். ஸ்பிரிங் கான்டாக்ட் உள்ள மாடலில் பாஸ் பக்கம் துருத்தும் முனைகள் எர்த்தும் ஹாட்டுமாக அருகருகே இருக்கும். வீலை எடுத்துவிட்டு அதன் மேல் சாவிக்கொத்தை வைத்தால் ஹாரன் ஒலிக்கும், அது பழுதல்ல.

கீச் என்ற சத்தமும் அணையாத இண்டிகேட்டரும்

திருப்பும்போது வீலின் அடியிலிருந்து கீச் என்று வந்தால் பின்னும் வளையமும் வறண்டு உரசுகின்றன. வளையத்தைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, மின்கான்டாக்ட்டுக்கான கிரீஸை விரலால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். சாதாரண வீல் பேரிங் கிரீஸை அப்பினால் கான்டாக்ட்டையே அது மறித்துவிடும்.

திருப்பி முடித்தபின் இண்டிகேட்டர் தானாக அணையாவிட்டால் ஹாரனோடு சம்பந்தமில்லை, ஆனால் காரணம் அதே இடத்தில்தான் இருக்கிறது. பாஸின் அடியில் உள்ள இரு முனைகள் காம்பினேஷன் சுவிட்சின் வெள்ளை பிளாஸ்டிக் வளையத்தின் குழிகளில் உட்காரவில்லை. பாஸை ஒரு பல் திருப்பிப் பூட்டினால் வீல் கோணலாகும். அதனால் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தைக் கையால் சுற்றிக் குழிகளை முனைகளுக்கு நேரே கொண்டுவந்து, பிறகு பாஸை நேராக இறக்குங்கள். நடு நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஆறு போல்ட்டுகளை வட்ட வரிசையில் இல்லாமல் எதிரெதிராக இறுக்குங்கள்.